ஞாயிற்றுக்கிழமைச் சொதி

ஸ்டேஷன் அக்கா வீட்டில் முதல் தடவை சாப்பிட உட்கார்ந்தபோது, என்ன மனுஷி இவர், விருந்துக்குக் கூப்பிட்டு இப்படி அவமானப்படுத்துகிறாரே என்று மனசுக்குள் பொரிந்து தள்ளினேன். இலையில் ஒரு அகப்பை சோறு. அதோடு சரி. உப்புக் கிண்ணம் மேசையின் அந்தக் கோடியில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் முன்னால் இருந்தது. மீன் குழம்பு, தோட்டத்து ஆபீஸில் தலைமை எழுத்தரான பெரிய கிராணி முன்னால். தண்ணீர்ச் செம்பு என் கணவர் முன்னால். எனக்கு முன்னால் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாகற்காய்க் கறி. பரிமாற ஒருவரும் வரவில்லை. அக்கா மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்டில ரெண்டே ரெண்டு சட்டம், பிள்ளை," என்றார் என்னிடம். "சாப்பிட்டு முடியுமட்டும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. கேக்காமல் ஒருத்தருக்கும் ஒண்டும் போடக் கூடாது. என்ன வேணுமோ, அது ஆருக்கு முன்னால இருக்கோ அவரிட்டக் கேட்டு வாங்கோணும்."

நான் மலாயாவில் ஜோகூருக்கு வந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கும்பகோணத்துப் பக்கம் எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்களுக்கு இலை. சாப்பிடுகிறவர் வாய் திறந்து இன்னும் கொஞ்சம் என்று கேட்டுவிட்டால், பரிமாறுகிறவளுக்கு அது தலைக்குனிவு. இலையைப் பார், முகத்தைப் பார், கேட்பதற்கு முன்னால் போடு என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பழக்கிய கை என்னுடையது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உப்பில்லாத சோற்றை விழுங்கினேன். அந்நிய ஆண்பிள்ளையிடம் உப்புக் கேட்பதைவிட அது மேல் என்று தோன்றியது.

அக்கா விடவில்லை. "உங்கட ஊரில மழை வந்தால், பிள்ளை, முதல்ல என்ன நனையும்?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நல்லா இருக்கியா, ஊர் பிடிச்சிருக்கா என்று கேட்டிருந்தால் தலையை ஆட்டித் தப்பித்திருப்பேன். யோசிக்காமல், "காயப்போட்ட வடாம்" என்று முணுமுணுத்தேன்.

அக்கா வலது கையைக் காதுக்குப் பின்னால் மடித்து வைத்தார். "என்ன? கேக்கேல்லை!"

"வடாம்!" என்றேன், எனக்கே தூக்கிவாரிப் போடும் அளவுக்குச் சத்தமாக. டிரெஸர் சிரித்துவிட்டார். "அலமாக், சின்னக் கிராணி வீட்டம்மாவுக்குப் பேச வருமா!" என்றார். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வடாம் என்றால் என்ன, அது அப்பளமா, கருவாடா என்று கேட்டார். நான் விளக்கினேன். பெரிய கிராணி குறுக்கே புகுந்து அவருடைய ஊர் வடாம்தான் வடாம் என்றார். நான் மறுத்துப் பேசினேன். பேச்சு சூடு பிடித்த வேகத்தில், "அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்று டிரெஸரிடம் நான் கேட்டது, வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது என் கணவர் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அக்காவின் காது நன்றாகவே கேட்கும். ஸ்டேஷனில் மணி அடிப்பதற்கு முன்பே, வண்டி வளைவில் வருகிறது என்று அடுப்படியில் இருந்துகொண்டு சொல்லிவிடுவார். கேக்கேல்லை என்பது வாயைப் பிடுங்கும் வித்தை. ஒருவர் ஒரு வார்த்தையைத் தயங்கித் தயங்கிச் சொன்னால், இரண்டாம் தடவை சொல்லும்போது அது இரண்டு மடங்கு நீளும் என்று கண்டுவைத்திருந்தார்.

பாலோவுக்கும் கூலாய்க்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன் அது. நாளைக்கு இரண்டு வண்டி நிற்கும். பிளாட்பாரத்தை ஒட்டி ஒரு மரவேலி, வேலிக்கு இந்தப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டரின் குவார்ட்டர்ஸ். மாஸ்டரும் அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு நாற்பது இருக்கும். நெட்டையான உருவம், பெரிய சிவப்புக்கல் தோடு, பேசும்போது தோடும் சேர்ந்து ஆடும். பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் புருஷன் வாயில் அது வந்தால்தானே மற்றவர்களுக்குத் தெரியும்!

ரப்பர் விலை தரைதட்டிக் கிடந்த காலம். தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலும் துரை பெயர்ப் பட்டியல் தயாரிப்பதாகப் பேச்சு. யார் எதைச் சொன்னால் அது துரை காதுக்குப் போகுமோ என்று எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். எதிரெதிரே வந்தால் மழை வரும்போல இருக்கு என்பார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆட்களைத்தான் அக்கா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மேசையில் உட்காரவைத்து, கறிகளை இடம் மாற்றி வைத்து, பேசவைத்தார்.

பெரிய கிராணியும் டிரெஸரும் ஐந்து மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காய்ச்சல் என்று டிரெஸர் சீட்டுக் கொடுத்து அனுப்பிய ஆட்களுக்குப் பெரிய கிராணி வராதவர்கள் என்று குறி போட்டதில் வந்த வினை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பொரித்த மீனை டிரெஸர் முன்னாலும், புளிக்குழம்பைப் பெரிய கிராணி முன்னாலும் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். பெரிய கிராணி வெறும் குழம்பைப் பிசைந்தார். டிரெஸர் வெறும் மீனைக் கடித்தார். கடைசியில் டிரெஸர்தான், "கிராணியாரே, குழம்பு" என்றார். "மீனை முதல்ல இங்க தள்ளுய்யா" என்றார் பெரிய கிராணி. பிறகு சண்டை பிடித்தார்கள் பாருங்கள், பிளாட்பாரத்தில் நின்ற ஆட்கள் வேலியோரம் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு! அக்கா கன்னத்தில் கை வைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"இப்படிச் சண்டை போட்டுக்கிறாங்களே, பயமா இல்லையா அக்கா?" என்று பின்னால் கேட்டேன்.

"சண்டை எண்டாலும் கதைக்கினம்தானே," என்றார். "கதையாமல் இருக்கிறதைப் பாத்தால்தான் பயம்."

எத்தனை வகையாகக் கறிகளை இடம் மாற்றினாலும் ஒன்று மட்டும் மாறாது. சொதிச் சட்டி எப்போதும் அக்காவின் முன்னால் இருக்கும். தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு, புளி பிழிந்து வைக்கும் தண்ணீர்க் குழம்பு அது. சொதி இல்லாமல் யாழ்ப்பாணத்து மனுஷருக்குச் சோறு இறங்காது. மேசையின் மறுமுனையில் மாஸ்டர் இருப்பார். வெள்ளைக் கோட்டு, வழித்த முகம், அளந்து பேசும் பேச்சு. எல்லோரையும் விசாரிப்பார், எங்களுக்கெல்லாம் நல்ல வார்த்தை சொல்வார். சாப்பாட்டின் கடைசியில், "இஞ்சேரும், சொதியை ஒருக்கால் தாரும்" என்று அக்காவைப் பார்த்துக் கேட்பார். சட்டி கை மாறிக் கை மாறி அவரிடம் போகும். கை ஓங்காத, குடிக்காத, மனைவியை மரியாதை கொடுத்து அழைக்கிற மனுஷன் என்று எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு. என் கணவரிடம்கூட, மாஸ்டரைப் பார்த்துக் கத்துக்கோங்க என்று இடித்துக் காட்டியிருக்கிறேன்.

அந்த மதிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போயிற்று.

வாங்கிப் போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பின்வாசல் வழியாகப் போனேன். அடுப்படி நிலையில் ஒரு ஸ்லேட் தொங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண ஸ்லேட். அதில் முத்து முத்தான எழுத்தில், 'ஒன்றரைக்குச் சாப்பாடு. கறுப்புக் கோட்டு வெளுக்கப் போடவும்' என்று எழுதியிருந்தது. மாஸ்டர் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அடுப்படிக்கும் கூடத்துக்கும் பத்தடிகூட இருக்காது.

"கறுப்புக் கோட்டு போன கிழமைதானே வெளுத்தது?" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மாஸ்டர் எழுந்து வந்தார். ஸ்லேட்டில் 'போன கிழமை' என்பது வரை எழுதியவர், வாசலில் நிற்கும் என்னைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த சாக்கட்டி அப்படியே நின்றது. "வாரும் பிள்ளை, சுகமே?" என்று இனிமையாகக் கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஆறு வருஷம்," என்றார். "நாங்கள் தனிய இருக்கேக்க என்னோட ஒரு சொல்லுக் கதைச்சதில்லை."

இதற்கு முன்னால் அவர்கள் பெரிய ஸ்டேஷன் ஒன்றில் இருந்தார்கள். ஒரு நாள் ரயில்வே மேலதிகாரியான வெள்ளைக்காரர் ஒருவர் இவர்கள் வீட்டில் சாப்பிட்டார். எல்லோரும் உம்மென்று உட்கார்ந்திருக்க, அக்காவுக்குப் பொறுக்கவில்லை. துரை பேச்சுக்கு, போன வாரம் ஒரு வண்டி உங்கள் சிக்னலுக்கு வெளியே நெடுநேரம் நின்றதாமே என்று மலாயில் கேட்டார். அக்கா தனக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொல்லை வைத்து, "மாஸ்டர் திடோர், துவான்" என்று சொல்லி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோல நடித்தும் காட்டினார்.

"வெள்ளைக்காரன் வயிறு குலுங்கச் சிரிச்சான். நானும் பெரிய கெட்டிக்காரி எண்டு நினைச்சன். அடுத்த மாசம் கடுதாசி வந்தது. இவருக்கு வரவேண்டிய பெரிய இடம் போச்சு. இந்தக் காட்டுக்குள்ள கொண்டுவந்து விட்டாங்கள். அண்டைக்கு வாய் மூடினவர்தான்."

"நீங்க மன்னிப்புக் கேக்கலயா அக்கா?"

"கேக்காமல்? அழுதன், காலைப் பிடிச்சன். அடுத்த நாள் இந்த ஸ்லேட்டைக் கொண்டுவந்து கொழுவினார். நானும் எழுதோணுமாம். நான் மாட்டன் எண்டிட்டன். எனக்கு வாய் இருக்கு."

மாஸ்டருக்கு ஊரார் முன்னால் கௌரவம் முக்கியம். வேற்று ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால் எல்லாப் புருஷரையும்போலப் பேசுவார். அதை அக்கா கண்டுகொண்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்து அப்படித்தான் பிறந்தது. ஆளுக்கொரு கறியாகப் பிரித்து வைப்பதும், கேட்டு வாங்க வேண்டும் என்ற சட்டமும், எங்கள் எல்லோரையும் வாயாடிகள் ஆக்கியதும், மேசையின் அந்த முனையிலிருந்து வரும் ஒரே ஒரு வாக்கியத்துக்காக.

"இஞ்சேரும், சொதியை ஒருக்கால் தாரும்," என்று அக்கா அவரைப்போலவே சொல்லிக் காட்டினார். சிரித்துக்கொண்டே சொன்னார். "அடுத்த ஞாயிறு வரைக்கும், ஒரு கிழமைக்கு அது காணும் எனக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்லேட்டை எடுத்துக் கிணற்றில் வீசியிருப்பேன். அடிக்கிற புருஷனைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்லி அழலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. டிரெஸர் என்னவோ பேசி எல்லோரும் சிரித்தார்கள். நான் மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புளிக்குழம்பு முடிந்தது. கீரை முடிந்தது. கை இலையில் ஓய்ந்து நின்றது. மாஸ்டர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "இஞ்சேரும், சொதியை ஒருக்கால் தாரும்" என்று கேட்டார். நான் விட்ட பெருமூச்சு என் கணவருக்குக் கேட்டிருக்கும், என்ன என்று திரும்பிப் பார்த்தார்.

நடு வாரத்தில் அக்கா என்னை அழைத்து ஸ்லேட்டைக் காட்டினார். 'ஞாயிறு விருந்து எதற்கென்று எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தது.

"விருந்தை நிறுத்துங்கன்னு எழுதலையே?" என்றேன்.

"நிப்பாட்ட மாட்டார். பெரிய கிராணி ஏன் எண்டு கேப்பார்தானே? ஆனால் இவர் இனிச் சொதி கேக்க மாட்டார் பாரும்."

அப்படியே நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சொதி கேட்கவில்லை. கடைசிச் சோற்றை உப்புத் தொட்டு வெறுமனே தின்றார். அக்கா சொதிச் சட்டியின் விளிம்பைப் பிடித்தபடியே, "டிரெஸர் ஐயா, பாம்பு கடிச்ச ஆள் முதல்ல என்ன சொல்லுவான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டி ததும்பக் கொண்டுவந்தபடியே உள்ளே போயிற்று.

அதற்கடுத்த வாரம் போனபோது மேசையைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. சோற்றுப் பானையும் அக்கா முன்னால் இருந்தது. இலைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

"இண்டைக்குச் சோறும் கேட்டுத்தான் வாங்கோணும்," என்றார் அக்கா, எல்லோரையும் பார்த்துச் சிரித்து. "அன்னம் போடுற கையை நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கேளுங்கோ பாப்பம்."

அவர்களுக்கு இது புதிய விளையாட்டு. பெரிய கிராணி கைகூப்பி, "அம்மா தாயே, அன்னலட்சுமியே" என்றார். டிரெஸர், "கொஞ்சம் சோறு போடுங்க லா, காலையிலிருந்து பட்டினி" என்றார். என் கணவர்கூட வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார். நானும் கேட்டேன். நான் அக்காவுக்கு அடுத்த நாற்காலி. எனக்குப் போடும்போது நாலு பருக்கை மேசையில் சிந்தியதை நான் மட்டும் பார்த்தேன்.

மாஸ்டர் கேட்கவில்லை. இரண்டு கையையும் இலைக்கு இரு பக்கமும் வைத்துக்கொண்டு, பச்சை இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

டிரெஸர் யானைக் கதை ஒன்றை ஆரம்பித்திருந்தார். ஆயர் ஈத்தாம் போகிற பாதையில் ஒரு யானை குறுக்கே படுத்துக்கொண்டதாம். பாதிக் கதையில் அவருடைய கண் மாஸ்டரின் இலையில் விழுந்தது. கதை தளர்ந்தது. பெரிய கிராணியும் பார்த்தார். "மாஸ்டர், சாப்பிடலையா?" என்றார்.

"சாப்பிடலாம்," என்றார் மாஸ்டர்.

"நீங்கள் சொல்லுங்கோ டிரெஸர் ஐயா," என்றார் அக்கா. குரல் சற்று உயர்ந்திருந்தது. "யானை படுத்தால் எந்தப் பக்கம் தலை வைக்கும்?"

டிரெஸர் என்னவோ சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மேசையில் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது. அக்கா பானையின் வாயில் கையை வைத்து மாஸ்டரையே பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கேளுங்கோ, ஒரே ஒரு வார்த்தை கேளுங்கோ என்று கெஞ்சுகிற முகம். மாஸ்டரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. உதடு பிரிந்தது. இன்று யோசித்தால், இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் கேட்டிருப்பார் என்றே தோன்றுகிறது. சத்தியமாகக் கேட்டிருப்பார்.

அந்த நொடியை நான் விடவில்லை. எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான்தான் கெடுத்தேன். வயசில் மூத்த ஒருவர் வெறும் இலைக்கு முன்னால் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருப்பதை என் கையால் தாங்க முடியவில்லை. எழுந்தேன். அகப்பையை எடுத்தேன். மேசையைச் சுற்றிப் போய், அவர் இலையில் இரண்டு அகப்பைச் சோறு வைத்தேன். திரும்பி வந்து சொதிச் சட்டியையும் எடுத்துப் போய் ஊற்றினேன். எங்கள் வீட்டில் பரிமாறுவதுபோல, இலை ஓரத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல்.

"போதுமா?" என்று வேறு கேட்டேன்.

"போதும் பிள்ளை," என்றார் மாஸ்டர் என்னிடம். "நல்லாயிரும்." பிறகு சாப்பிட ஆரம்பித்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. அக்கா சோற்றுப் பானையை மூடினார். "பிறகு, அந்த யானை எழும்பினதோ?" என்று டிரெஸரிடம் கேட்டார். எழும்பியது என்றார் டிரெஸர். கதை அத்தோடு முடிந்தது.

புறப்படும்போது அக்கா வழக்கம்போல மோர்மிளகாய்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தேன். "நல்லா வளத்த பிள்ளை நீர்," என்று என் கன்னத்தைத் தொட்டார். அறைந்திருந்தால் தேவலை.

அதோடு ஞாயிற்றுக்கிழமை விருந்து நின்றது. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று, ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் அதே சேதி. நான் போய்ப் பார்த்தால் கதவைத் திறப்பார், தேநீர் கொடுப்பார், நான் கேட்டதற்குப் பதில் சொல்வார். அவராக ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் பெரிய கிராணியும் டிரெஸரும் மழை வரும்போல இருக்கு என்று பேசிக்கொண்டார்கள் என்று என் கணவர் சொன்னார்.

இரண்டு மாதத்தில் பட்டியல் வந்தது. என் கணவரின் பெயர் அதில் இருந்தது. கூலாய்ப் பக்கம் ஒரு சீனர் தோட்டத்தில் எழுத்து வேலை கிடைத்ததால் ஊருக்குக் கப்பலேறாமல் தப்பித்தோம். மத்தியான வண்டிக்குப் பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனுக்கு வந்தோம். அவரைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு, சொல்லிக்கொள்ள அக்கா வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன்.

அக்கா கொல்லையில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன். எதிரே ஸ்லேட். மாஸ்டரின் முத்து எழுத்தில், 'இரவுக்குச் சொதி வேண்டாம்' என்று இருந்தது. அதற்குக் கீழே, எழுதிப் பழகாத கோணல் எழுத்தில் ஒரே ஒரு சொல்: 'ஏன்'.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அக்கா உள்ளே வந்தார். நான் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "போயிட்டு வாரும் பிள்ளை. வண்டி வளைவுக்கு வந்திட்டுது," என்றார், மெல்ல. எனக்கு வாய் இருக்கு என்று ஆறு வருஷம் நிமிர்ந்து நின்றவரைச் சாக்கட்டி பிடிக்க வைத்தது என் கைதான். காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பிளாட்பாரத்துக்கு வந்தேன்.

பிளாட்பாரம் நிறைய ஆட்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பப்படும் பால்மரம் சீவும் சனங்கள் மூட்டைகளோடு குந்தியிருந்தார்கள். எங்களை வழியனுப்பப் பெரிய கிராணியும் டிரெஸரும் வந்திருந்தார்கள். மாஸ்டர் வெள்ளைக் கோட்டோடு, கக்கத்தில் பச்சைக் கொடியோடு நின்றார். வேலியோரம் அக்கா வந்து நின்றார். வண்டி இன்னும் வந்து சேரவில்லை. தூரத்தில் அதன் சத்தம் மட்டும் கேட்டது.

இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வேற்று ஆட்கள். விருந்து மேசையைவிடப் பெரிய கூட்டம்.

"மாஸ்டர்!" என்றேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை. "மாஸ்டர், அக்கா வேலிகிட்ட நிக்கிறாங்க. ராத்திரிக்குச் சொதி வைக்கணுமா, வேணாமான்னு கேக்குறாங்க!"

மாஸ்டர் முகம் இறுகிப்போயிற்று. பொய் என்று அவருக்குத் தெரியும். அக்கா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வேலியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "பாவம், பொம்பளை கேக்குதுல்ல, சொல்லுங்க சாமி" என்றாள். பெரிய கிராணிக்கு ஒன்றும் தெரியாது. அவரும், "சொல்லுங்க மாஸ்டர், வண்டி வந்துரும்" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். நான் கண்ணை எடுக்கவில்லை. இந்தத் தடவை கையை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மாஸ்டர் மெல்ல வேலிப் பக்கம் திரும்பினார்.

"வையும்," என்றார்.

அக்காவின் வலது கை எழுந்தது. காதுக்குப் பின்னால் மடிந்து நின்றது.

"என்ன? கேக்கேல்லை!"

டிரெஸர் சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொதி வையும் எண்டு சொன்னன்!" என்று உரக்கச் சொன்னார்.

"மீன் போட்டோ, முட்டை போட்டோ?" என்றார் அக்கா.

வண்டி வந்து நின்றது. பெட்டியை ஏற்றி, எங்களையும் பிடித்து ஏற்றினார்கள். நான் ஜன்னலுக்கு ஓடினேன். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் எங்கள் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலியைப் பார்த்து நின்றார். அவருடைய தாடை அசைவது பின்னாலிருந்தே தெரிந்தது. அக்கா காதுக்குப் பின்னால் வைத்த கையை எடுக்கவே இல்லை. கொடி மாஸ்டரின் கக்கத்திலேயே இருந்தது. பாயிண்ட்ஸ்மேன் ஓடி வந்து அதை உருவி, அவரே ஆட்டி, வண்டியை அனுப்பிவைத்தார்.